லெவல் சென்சார் வாங்குமுன் டேங்குக்குள் இருக்கும் காற்றைப் பாருங்கள்

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளிலும் டேங்கில் திரவ மட்டத்தை அளக்கும் லெவல் சென்சார் வாங்கும்போது "என்ன திரவம், எத்தனை மீட்டர் ஆழம்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தொடாமல் மேலிருந்து அளக்கும் சென்சாருக்கு அது போதாது. நடுவில் இருக்கும் காற்று எப்படிப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

விலை குறைவு என்று எல்லா டேங்குக்கும் அல்ட்ராசோனிக் போடுவதுதான் பெரிய தவறு. அது ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒலியின் வேகம் 20 டிகிரியில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர், டிகிரிக்கு 0.6 மீட்டர் கூடும். இதைச் சரிக்கட்ட சென்சாரின் தலையிலேயே ஒரு வெப்பமானி உண்டு. ஆனால் வேலூர் வெயிலை நினைத்துப் பாருங்கள். மே மாதத்தில் அந்தத் தலை 55 டிகிரிக்குக் காய்ந்து, உள்ளே காற்று 35 டிகிரியாக இருந்தால், 3 மீட்டர் தூரத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் பிழை வரும். அதுவும் மட்டத்தைக் குறைத்துக் காட்டும் பிழை. தலைக்கு மேலே ஒரு சின்னத் தகடு நிழல் தந்தாலே இது வெகுவாகக் குறையும்.

ஹைட்ரோகுளோரிக் அமில டேங்கில் சிக்கல் வேறு. ஆவி கலந்த காற்றில் ஒலியின் வேகமே மாறிவிடும், வெப்பமானிக்கு அது தெரியாது. அங்கே ஒலிக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்பி அளக்கும் ரேடார்தான் சரி. பிளாஸ்டிக் டேங்க் என்றால் 80 ஜிகாஹெர்ட்ஸ் ரேடார் கூரையைத் துளைக்காமலே அளக்கும். இரும்பு டேங்கில் அது நடக்காது.

ரேடார் வாங்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருப்பதும் தவறு. எண்ணெயிலிருந்து அதற்கு எதிரொலி பலவீனமாகவே வரும். காற்று ஊதும் கழிவுநீர்த் தொட்டியில் நுரை ஒலியை விழுங்கிவிடும். அடர்ந்த ஈர நுரை ரேடாரையும் குழப்பும். அந்தத் தொட்டிக்குள் அடிவரை இறக்கி, மேலே நிற்கும் திரவத்தின் அழுத்தத்தை வைத்து மட்டத்தை அளக்கும் அழுத்த சென்சாரே மேல் என்பேன்.

அப்புறம், அல்ட்ராசோனிக்குக்குத் தலைக்கு நேர் கீழே அளக்க முடியாத சிறு இடைவெளி உண்டு. அதை விட்டு உயரத்தில் பொருத்தாவிட்டால், திரவம் அங்கே ஏறியதும் இருமுறை போய் வந்த இரண்டாவது எதிரொலியை நம்பி மட்டம் குறைவு என்று காட்டும். நிரப்பும் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். திரவம் விழும் குழாய்க்கு நேர் மேலேயும் பொருத்தாதீர்கள்.

சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புக் கழிவும் அமிலக் கழிவும் சேர்ந்தால் உயிரைக் கொல்லும், தீப்பற்றவும் கூடிய ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அங்கே சென்சார் பொய் சொன்னால் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கப் போவது ஒரு தொழிலாளி. தீப்பற்றும் வாயு உள்ள இடத்துக்கான சான்று பெற்ற சென்சாராகப் பார்த்து வாங்குங்கள். நிரம்பும் உயரத்தில் பம்பை நிறுத்தத் தனியாக ஒரு சுவிட்சும் வையுங்கள்.