குவாண்டனாமோ ராணுவ ஆணையத்தில் யாருக்கு யார் மேலதிகாரி? படம் போட்டுப் புரிந்துகொள்ளலாம்

கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளம் குவாண்டனாமோ. அங்கே அடைக்கப்பட்ட பயங்கரவாதச் சந்தேக நபர்களை விசாரிக்கும் அமெரிக்க ராணுவ நீதிமன்றம்தான் ராணுவ ஆணையம். குவாண்டனாமோ வழக்குகளைப் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் சித்திரவதை, சாட்சியம், தண்டனை என்று நேராகப் போய்விடுகிறார்கள். அங்கே வேலை பார்க்கிறவர்களை யார் மேற்பார்க்கிறார்கள் என்பதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் அந்த வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். ஒரு வெள்ளைத்தாளும் நீலம், சிவப்பு, பச்சை என மூன்று பேனாக்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பெட்டிகள்

உச்சியில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர். அவருக்குக் கீழே கன்வீனிங் அத்தாரிட்டி, அதாவது ஆணையத்தைக் கூட்டும் அதிகாரி. குற்றச்சாட்டை விசாரணைக்கு அனுப்புவது, ஜூரி மாதிரி உட்காரும் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பது, குற்ற ஒப்புதல் உடன்பாட்டில் கையெழுத்துப் போடுவது எல்லாம் இவர் கையில். பக்கத்தில் அவருடைய சட்ட ஆலோசகர். தள்ளித் தள்ளி அரசுத் தரப்பின் தலைமை வழக்கறிஞர், எதிர்த்தரப்பின் (அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பின்) தலைமை வழக்கறிஞர், நீதிபதிகள். அப்புறம் பலர் விட்டுவிடுகிற ஒரு பெட்டி: நீதிமன்றப் பதிவாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும். இவர்களை அமர்த்தும் அதிகாரமும் சட்டப்படி கூட்டும் அதிகாரிக்குத்தான்.

படி 2: நீலக் கோடு, தினசரி உத்தரவு

யார் யாருக்கு வேலை சொல்கிறார்கள் என்பதற்கு நீலம். விதிப் புத்தகத்தைப் பார்த்தாலே இதைப் போட்டுவிடலாம். கூட்டும் அதிகாரியிலிருந்து நீதிபதிக்கு மட்டும் கோடு போடாதீர்கள். 2015 தொடக்கத்தில் அப்போதைய கூட்டும் அதிகாரி வான் ஆரி முன்மொழிந்து, நீதிபதிகள் குவாண்டனாமோவிலேயே குடியேற வேண்டும் என்று ஒரு விதி வந்தது. விசாரணையை வேகப்படுத்தத்தான் என்றார்கள். யு.எஸ்.எஸ். கோல் கப்பல் தாக்குதலில் குற்றம் சாட்டப்பட்ட அல்-நஷிரியின் வழக்கை விசாரித்த நீதிபதி வான்ஸ் ஸ்பாத் அதை முறையற்ற தலையீட்டின் தோற்றம் என்று சொல்லி, அந்த வழக்கிலிருந்து ஆரியை விலக்கினார். விதி திரும்பப் பெறப்பட்டது, ஆரியும் மார்ச் மாதம் பதவி விலகினார்.

படி 3: சிவப்புக் கோடு, ஆண்டு மதிப்பீடு

என்னைக் கேட்டால் மொத்தப் படத்திலும் முக்கியமான கோடு இதுதான். நம் ஊர் அரசு அலுவலகங்களில் ஏ.சி.ஆர் என்பார்களே, அதை இங்கே யார் யாருக்கு எழுதுகிறார்கள்? பதவி உயர்வு அதில்தான் நிற்கிறது. அதனால்தான் 2009 ராணுவ ஆணையச் சட்டம் இதில் கறாராக இருக்கிறது: நீதிபதியின் விசாரணைப் பணியைப் பற்றிக் கூட்டும் அதிகாரி மதிப்பீடு எழுதவும் கூடாது, பிறர் எழுதியதைப் பரிசீலிக்கவும் கூடாது, கட்சிக்காரருக்காகத் தீவிரமாக வாதாடினார் என்பதற்காக ஒரு வழக்கறிஞருக்கு மதிப்பெண்ணைக் குறைக்கவும் கூடாது.

படி 4: இரண்டு வேலை ஒரே ஆளிடம் இருக்கிறதா?

இப்போது படத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள். 2007-ல் சட்ட ஆலோசகராக வந்த தாமஸ் ஹார்ட்மன், கூட்டும் அதிகாரிக்கு நடுநிலையாக ஆலோசனை சொல்ல வேண்டியவர். அதே சமயம் தலைமை அரசு வழக்கறிஞர் மோரிஸ் டேவிஸுக்கு மேற்பார்வையாளரும் அவர்தான். வழக்கு நடத்துகிறவருக்கு மேலதிகாரியாக இருந்துகொண்டு, அந்த வழக்கு விசாரணைக்குத் தகுதியானதா என்று எப்படி நடுநிலையாகச் சொல்ல முடியும்? ஹார்ட்மன் தலையிடுகிறார் என்று டேவிஸ் புகார் செய்தார். பாதுகாப்புத் துறையின் தலைமைச் சட்ட அதிகாரி வில்லியம் ஹேன்ஸும் தனக்கு மேலே வைக்கப்படுகிறார் என்று தெரிந்ததும், டேவிஸ் அந்த அக்டோபரிலேயே விலகினார். 2008-ல், பின்லேடனின் ஓட்டுநராக இருந்த சலீம் ஹம்தான் வழக்கில் எதிர்த்தரப்புக்காகச் சாட்சியும் சொன்னார். அந்த மே மாதம் நீதிபதி கீத் ஆல்ரெட், ஹார்ட்மனை அந்த வழக்கிலிருந்து ஒதுக்கி வைத்தார். தனி மனிதர்களின் சண்டையாக மட்டும் இதைப் படிக்காதீர்கள், அமைப்பே அப்படிப் போடப்பட்டிருந்தது.

படி 5: பச்சைக் கோடு, முன்பு எங்கே வேலை, அடுத்து எங்கே வேலை

இது எந்த அதிகாரப்பூர்வ வரைபடத்திலும் இருக்காது, நீங்களேதான் தேடிப் போட வேண்டும். மேலே சொன்ன அதே ஸ்பாத், அல்-நஷிரி வழக்கை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே நீதித்துறை அமைச்சகத்தில் குடியேற்ற நீதிபதி வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அந்த அமைச்சகத்தின் வழக்கறிஞர் ஒருவர் அரசுத் தரப்புக் குழுவில் இருந்தார். விஷயம் வெளியே வந்தபின் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2015 நவம்பர் முதல் அவர் போட்ட உத்தரவுகளை எல்லாம் 2019-ல் ரத்து செய்தது. ஆண்டுக்கணக்கான உழைப்பு வீண்.

கீழ்மட்ட ஊழியர்களுக்கும் இந்தக் கோட்டைப் போடுங்கள். 2015 பிப்ரவரியில், எதிர்த்தரப்பு மேசையில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளரைச் சி.ஐ.ஏ ரகசியச் சிறையில் பார்த்திருப்பதாகச் செப்டம்பர் 11 வழக்கின் கைதிகள் நீதிமன்றத்திலேயே சொன்னார்கள்.

படி 6: புள்ளிக் கோடு, தொழில் நெறி

வழக்கறிஞர்களுக்குத் தங்கள் பார் கவுன்சிலின் நெறிகளும் உண்டு. 2017-ல் அதே அல்-நஷிரி வழக்கில், கட்சிக்காரருடன் பேசுவது ரகசியமாக இல்லை என்று ராணுவத்தைச் சேராத மூன்று வழக்கறிஞர்கள் விலகக் கேட்க, எதிர்த்தரப்புத் தலைவர் ஜான் பேக்கர் அனுமதித்தார். அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னார் ஸ்பாத், பேக்கர் மறுத்தார். பிரிகேடியர் ஜெனரலான பேக்கருக்கே 21 நாள் அடைப்பும் 1,000 டாலர் அபராதமும் விழுந்தன. நீதிபதி தனியாக அப்படித் தண்டிக்க முடியாது என்று 2018-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை நீக்கியது.

படி 7: மூலையில் தேதி

கட்டாயம் எழுதுங்கள். 2024 ஜூலை 31 அன்று கூட்டும் அதிகாரி சூசன் எஸ்காலியர் செப்டம்பர் 11 வழக்கில் மூன்று பேரின் ஒப்புதல் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். இரண்டே நாளில் அமைச்சர் லாய்ட் ஆஸ்டின் அந்த அதிகாரத்தைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு உடன்பாட்டை ரத்து செய்தார். அது செல்லும் என்று 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 1-க்கு ஒரு படம், 2-க்கு இன்னொரு படம் என்று தனித்தனியாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.