எலக்ட்ரானின் தொலைவிலிருந்து ஆற்றலைக் கணக்கிடுவது எப்படி?

அணுக்கருவிலிருந்து விலக விலக எலக்ட்ரானின் ஆற்றல் கூடும் என்று பாடநூலில் படித்தவர்கள்கூட, கணக்கு என்று வரும்போது எதிர்க்குறியில் தடுமாறுவதுண்டு. ஒரே எலக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு, 1913இல் நீல்ஸ் போர் முன்வைத்த மாதிரியின்படி கணக்கிட்டுப் பார்ப்பதே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சிறந்த வழி.

முதலில் தொலைவு. எலக்ட்ரான் இருக்கும் மட்டத்தின் எண்ணை (1, 2, 3…) வர்க்கப்படுத்தி 0.529ஆல் பெருக்கினால் சுற்றுப்பாதையின் ஆரம் ஆங்ஸ்ட்ராமில் கிடைக்கும். முதல் மூன்று மட்டங்களுக்கு அது முறையே 0.529, 2.12, 4.76 ஆகும். அடுத்து, 7.2ஐ அந்த ஆரத்தால் வகுத்து, விடைக்கு எதிர்க்குறி இட்டால், மொத்த ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் −13.6, −3.40, −1.51 என வரும்.

குறியைக் கவனிக்காதவருக்கு இங்கே ஆற்றல் குறைவதாகத் தோன்றும். கிணற்றின் ஆழத்தைத் தரைமட்டத்திலிருந்து அளப்பதுபோல, கருவின் பிடியிலிருந்து முற்றிலும் விடுபட்டு ஓய்ந்திருக்கும் எலக்ட்ரானின் ஆற்றலைச் சுழி எனக் கொண்டே மற்றவற்றை அளக்கிறோம், ஆகவே −3.40 என்பது −13.6ஐவிடப் பெரியது.

மொத்த ஆற்றலின் குறியை மாற்றினால் இயக்க ஆற்றலும், மொத்த ஆற்றலைக் குறி மாற்றாமல் இரட்டித்தால் நிலை ஆற்றலும் கிடைக்கும். முதல் மட்டத்திலிருந்து இரண்டாவதற்கு ஏறும்போது இயக்க ஆற்றல் 13.6இலிருந்து 3.4ஆகக் குறைகிறது, நிலை ஆற்றலோ −27.2இலிருந்து −6.8ஆக, அதாவது அந்தக் குறைவைப்போல் இரு மடங்கு, உயர்கிறது. தொலைவில் உள்ள எலக்ட்ரான் வேகம் குறைந்தது, ஆனால் ஆற்றல் மிகுந்தது என்பதை மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை.

விடையைச் சரிபார்க்க, எலக்ட்ரான் மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாவதற்கு இறங்கும்போது ஒளியாக வெளிவரும் ஆற்றலான 1.89ஆல், எலக்ட்ரான் வோல்ட்டை நானோமீட்டர் அலைநீளமாக மாற்றும் எண்ணான 1240ஐ வகுக்க வேண்டும். கிடைக்கும் 656 நானோமீட்டர், ஹைட்ரஜன் நிறமாலையின் சிவப்புக் கோட்டுக்குரிய அலைநீளம். 1885இல் பால்மர் தம் சூத்திரத்தை அமைக்கப் பயன்படுத்திய நான்கு கோடுகளில் அதுவும் ஒன்று.

குவாண்டம் இயக்கவியலில் எலக்ட்ரானுக்கு நிலையான ஆரம் இல்லை. சராசரித் தொலைவைத்தான் கூற முடியும். ஹைட்ரஜனின் இரண்டாம் மட்டத்தில் உள்ள 2எஸ், 2பி ஆர்பிட்டால்களுக்கு (எலக்ட்ரான் காணப்படக்கூடிய பகுதிகளுக்கு) அது ஏறத்தாழ 3.17, 2.65 ஆங்ஸ்ட்ராம் என வேறுபட்டாலும், போர் மாதிரி தரும் துல்லியத்தில் இரண்டின் ஆற்றலும் ஒன்றே. பல எலக்ட்ரான்கள் கொண்ட அணுக்களுக்கோ 7.2ஐ வகுக்கும் இந்த முறை பொருந்தாது: எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதாலும், உள்ளிருப்பவை கருவின் ஈர்ப்பை மறைப்பதாலும், பொட்டாசியத்தின் 19ஆம் எலக்ட்ரான் மூன்றாம் மட்டத்தின் 3டியை விட்டு நான்காம் மட்டத்தின் 4எஸ்ஸில் சேர்கிறது.