மாதிரி விமானத்தின் பெட்ரோல் எஞ்சினைச் சீராக்குதல்

எஞ்சின் முரண்டு பிடித்தவுடன் திருப்புளியோடு கார்புரேட்டரை நாடுவது பலருடைய வழக்கம். ஆனால் கோளாறு பெரும்பாலும் எரிபொருள் வரும் பாதையில்தான் இருக்கும். குழாயில் நுண்ணிய வெடிப்பு, தொட்டிக்குள் அடைபட்ட வடிகட்டி, கார்புரேட்டருக்குள் இருக்கும் அழுக்கேறிய சிறு சல்லடை ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

இவை சரியாக இருந்தால், கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் குறைவேக, அதிவேக ஊசித் திருகுகள் இரண்டையும் மென்மையாக மூடி, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 1½ சுற்று திறந்து தொடங்கலாம். தயாரிப்பாளர் வேறு அளவு தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். விமானத்தை உறுதியாகக் கட்டி, எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, ப்ரொப்பெல்லருக்குப் பின்புறமிருந்தே திருகைத் தொட வேண்டும்.

முதலில் குறைவேகத் திருகு. வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைச் சட்டென்று திறக்கையில் எஞ்சின் அணைந்துபோனால் பெரும்பாலும் கலவையில் பெட்ரோல் குறைவு. குமுறிப் புகை கக்கித் தயங்கி வேகமெடுத்தால் மிகுதி. ஒருமுறைக்கு 1/16 சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

பின்னர் முழுவேகத்தில், அதிவேகத் திருகை வலஞ்சுழியாகத் திருப்பி, சுழற்சி உச்சம் தொட்டதும் சற்றே திரும்பத் திறந்து, நிமிடத்துக்கு 200 சுழற்சி வரை குறைய விடுங்கள். உச்சத்திலேயே விட்டால் காதுக்கு இனிமைதான். ஆனால் பெட்ரோலில் கலந்த எண்ணெயை மட்டுமே மசகுக்கு நம்பியிருக்கும் இருவீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினில், பெட்ரோலோடு எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் அளவுமீறிச் சூடேறி இறுகிவிடக்கூடும். அதிவேகத் திருகை மாற்றினால் குறைவேகமும் சிறிது மாறும் என்பதால், அதை மறுபடியும் சோதியுங்கள்.