நின்றபடி ஓட்டும் போர்க்லிப்ட்: காலில் தொடங்கும் பாடம்

திருகோணமலையில் சீனன்குடா, கப்பல்துறைப் பக்கத்துக் களஞ்சியங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்த இயந்திரம் பார்க்க எளிதாகத்தான் தெரியும். ஆசனம் இல்லை, உருவமும் சிறியது, ஒடுங்கிய இடைவெளியிலும் திரும்பும். சிக்கல் காலடியில் இருக்கிறது.

பெரும்பாலான மொடல்களில் பெடலை மிதித்தால் பிறேக் விடுபடும், காலை எடுத்தால் பிறேக் பிடிக்கும். மோட்டார் சைக்கிளுக்குப் பழகிய கால் பதற்றத்தில் இன்னும் அழுத்தி மிதிக்கும், வண்டி நிற்காது. ஆகவே முதல் நாள் பாரமே வேண்டாம். வெறும் முற்றத்தில் ஓட்டி, காலை எடுத்து நிறுத்துவதை மட்டும் பழகுங்கள். திசை லிவரை எதிர்ப்பக்கம் மெதுவாகத் தள்ளியும் வேகத்தைக் குறைக்கலாம். உங்கள் வண்டியின் பெடல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே ஏறுங்கள்.

ஒவ்வொரு ஷிப்டும் தொடங்குமுன் போர்க்கின் (பாரத்தைத் தாங்கும் இரும்புக் கரங்களின்) வளைவில் வெடிப்பு, சங்கிலிகளின் இறுக்கம், ஒயில் கசிவு, சில்லில் பிய்ந்த துண்டு, ஹோர்ன், அவசர நிறுத்தப் பொத்தான் எல்லாவற்றையும் பாருங்கள். கடற்காற்று அடிக்கும் ஊர் இது, பற்றரி முனைகளில் பூஞ்சணம்போல் வெள்ளையோ பச்சையோ படிந்திருந்தால் பராமரிப்பாளரிடம் சொல்லுங்கள். பழுது தெரிந்தால் அன்று அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.

அடுத்தது பாரக் கணக்கு. வண்டியில் ஒட்டியுள்ள தகட்டில் 600 மி.மீ. பார மையத்தில் 1500 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார மையம் என்பது போர்க்கின் அடியிலிருந்து பாரத்தின் நடுவரை உள்ள தூரம். 50 கிலோ சிமெந்துப் பை 30 அடுக்கினால் சரியாக 1500. ஆனால் பலகைத் தட்டுக்கும் எடை உண்டு, அதுவே வரம்பைத் தாண்டச் செய்யும். 28 பையோடு நிறுத்துங்கள். தூக்கும் உயரம் கூடினாலும், பாரம் போர்க்கின் நுனிப்பக்கம் நகர்ந்தாலும் அனுமதி எடை குறையும். தகட்டில் உயரத்துக்கேற்ற எண்களும் இருக்கும்.

எடுக்கும்போது நேராக நெருங்கி, போர்க்கை அடிவரை செலுத்தி, பாரம் போர்க்கின் பின்தட்டில் ஒட்டியதும் சிறிது தூக்கி, போர்க் ஏறி இறங்கும் தூணைப் பின்னே சாய்த்து, 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் கொண்டுபோங்கள். உயர்த்தியபடி திரும்புவதே கவிழ்வுக்கு வழி. பாரம் பார்வையை மறைத்தால் பின்னோக்கிச் செல்லுங்கள். பின்சில்லு திரும்புவதால் வால்பக்கம் வெளியே வீசும். பொருள் அடுக்கும் றாக்கையின் காலோ பக்கத்தில் நிற்பவரோ அந்த வட்டத்துக்குள் வரக்கூடாது.

பின்னோக்கி ஓட்டும்போது கை, கால், தலை எதுவும் ஓட்டுநர் பெட்டிக்கு வெளியே நீளக்கூடாது. மோசமான காயங்கள் பல இப்படித்தான் வருகின்றன: றாக்கையின் குறுக்குச் சட்டம் பெட்டிக்குள் புகுந்து ஓட்டுநரை நசுக்கும், அல்லது வெளியே நீட்டிய கால் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே சிக்கும். சட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று நெருங்குமுன்னே பாருங்கள்.

கார்த்திகை, மார்கழி மழையில் வாசல் தரை ஈரமாகும். வழுவழுப்பான கடினச் சில்லு அங்கே பிடிக்காது. நடை வேகத்துக்கு இறங்கி, திடீர்த் திருப்பங்களைத் தவிருங்கள்.

கவிழத் தொடங்கினால்? அமர்ந்து ஓட்டும் வண்டியில் பட்டியோடு உள்ளேயே இருக்க வேண்டும். பின்பக்கம் ஏறும் நின்றபடி ஓட்டும் வண்டியில் நேர்மாறு, பின்னோக்கி இறங்கி விலகுங்கள். பக்கவாட்டில் குதித்தால் தூணோ மேற்கூரையோ மேலே விழும். இதையும் ஓய்ந்த நேரத்தில் பயிற்றுநர் முன்னால் சொல்லிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் போர்க்கைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துவிடுங்கள். ஈய அமிலப் பற்றரியை 20 வீதத்துக்குக் கீழே விடாமல் சார்ஜ் பண்ணுங்கள். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வெளிவரும். காற்றோட்டம் வேண்டும், பீடி சிகரெட் கூடவே கூடாது. பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீரை வழமையாகச் சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்றுவது. முன்னதாகவே நிரப்பினால் சூடேறிப் பொங்கி அமிலம் வழியும்.