சுவிஸ் முறையில ஒன்லைன் கேம் டோர்னமென்ட் வைக்கிறது எப்பிடி? (முதல் தடவை வைக்கிறாக்களுக்கு)

நொக்கவுட் வச்சா வந்த டீம்ல பாதி முதல் மெட்ச்சோடயே முடிஞ்சுது. சனிக்கிழமை டியூஷன் கிளாஸையும் மாத்திப்போட்டு வந்து இருக்கிற பொடியன் 20 நிமிஷத்தில வெளிய போறதப் பாக்க எனக்கு மனசு கேக்காது, அதாலதான் கேக்கிற எல்லாருக்கும் சுவிஸ் வைங்க சுவிஸ் வைங்க எண்டு சொல்லிட்டே இருக்கன்.

இது செஸ்ஸில இருந்து வந்த முறை. 1895இல சுவிட்சர்லாந்தில சூரிச்ல நடந்த போட்டியில பாவிச்சதாலதான் இந்தப் பேர். விஷயம் இவ்வளவுதான்: யாரையும் வெளிய அனுப்புறதில்ல, ஒவ்வொரு ரவுண்டிலயும் உங்கட அளவு பொயின்ட் வச்சிருக்கிற ஆளோடதான் உங்களுக்கு மெட்ச் விழும், ஒருக்கா விளையாடின ஆளோட திரும்ப விழாது.

படி 1: எத்தின ரவுண்ட் எண்டு முடிவெடுங்க

8 டீமுக்கு 3 ரவுண்ட், 16க்கு 4, 32க்கு 5. ஒவ்வொரு ரவுண்டிலயும் தோக்காத டீம் பாதியாகிட்டே வரும், கடைசியில ஒண்டுதான் மிஞ்சணும், அதுதான் கணக்கு. 8 டீமும் எல்லாரோடயும் விளையாடுறதெண்டா 28 மெட்ச் வேணும், சுவிஸ்ல 12 மெட்ச்சோட சரி, ஒரு பின்னேரத்தில முடிக்கலாம்.

படி 2: ஜோடி போடுறது

இதுலதான் எல்லாரும் குழம்புறது, ஆறுதலா பாருங்க. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, மட்டக்குளி, வத்தளை, ஜிந்துப்பிட்டி, கிருலப்பனை எண்டு 8 டீம் வச்சுக்கொள்ளுவம். முதல் ரவுண்டுக்கு சீட்டுக் குலுக்கிப் போடுங்க. வெள்ளவத்தை தெஹிவளைய வெல்லுது, கொட்டாஞ்சேனை பம்பலப்பிட்டிய, மட்டக்குளி வத்தளைய, ஜிந்துப்பிட்டி கிருலப்பனைய.

ரெண்டாவது ரவுண்ட்ல வெண்ட 4 டீமும் தங்களுக்குள்ள, தோத்த 4 டீமும் தங்களுக்குள்ள. வெள்ளவத்தை கொட்டாஞ்சேனைய வெல்லுது, மட்டக்குளி ஜிந்துப்பிட்டிய வெல்லுது, கீழ தெஹிவளை பம்பலப்பிட்டியயும் வத்தளை கிருலப்பனையயும் வெல்லுது. ஒரு வெற்றிக்கு ஒரு பொயின்ட், அப்ப 2 பொயின்ட்ல ரெண்டு டீம், 1 பொயின்ட்ல நாலு, பூச்சியத்தில ரெண்டு.

மூண்டாவது ரவுண்ட்ல 2 பொயின்ட் எடுத்த வெள்ளவத்தையும் மட்டக்குளியும் மோதி வெள்ளவத்தை சாம்பியன். 1 பொயின்ட் ஆக்கள்ல தெஹிவளை கொட்டாஞ்சேனைய வெல்லுது, ஜிந்துப்பிட்டி வத்தளைய வெல்லுது. பூச்சியத்தில நிண்ட பம்பலப்பிட்டியும் கடைசியா கிருலப்பனைய வெண்டு ஒரு பொயின்ட் எடுக்குது, அந்தப் பொடியங்கட சத்தத்த வொய்ஸ் செட்ல கேக்கணும் நீங்க.

படி 3: பொயின்ட் சமனா வந்தா

மட்டக்குளி, தெஹிவளை, ஜிந்துப்பிட்டி மூண்டுக்கும் 2 பொயின்ட். ரெண்டாமிடம் யாருக்கு? அவங்க விளையாடின ஆக்கள்ட பொயின்டக் கூட்டுங்க, இதுக்குப் பேர் புக்ஹோல்ஸ். மட்டக்குளி விளையாடினது வத்தளை (1), ஜிந்துப்பிட்டி (2), வெள்ளவத்தை (3), மொத்தம் 6. தெஹிவளைக்கு 3+1+1, அது 5. ஜிந்துப்பிட்டிக்கு 0+2+1, வெறும் 3. அப்ப ரெண்டாமிடம் மட்டக்குளி, மூண்டாமிடம் தெஹிவளை. கடினமான ஆக்களோட மோதினவருக்குத்தான் மேல இடம், எனக்கு இது நியாயமாத்தான் படுது. நொக்கவுட் எண்டா தெஹிவளை முதல் மெட்ச்லயே காலி எண்டத யோசிச்சுப் பாருங்க.

டீம் ஒற்றை எண்ணிக்கையில வந்தா ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு டீமுக்கு பை குடுக்கணும், விளையாடாமலே ஒரு பொயின்ட். கடைசியில இருக்கிற டீமுக்குக் குடுங்க, ஆனா ஒரே டீமுக்கு ரெண்டு தரம் வேணாம்.

படி 4: ஒன்லைன்ல நடத்தேக்க

சுவிஸ்ல முக்கியமான பிரச்சினை ஒண்டு இருக்கு, எல்லா ரிசல்டும் வராம அடுத்த ரவுண்ட் போட ஏலாது. நான் முதல் தடவை வச்சப்ப ஒரு டீம் ரிசல்ட் அனுப்பாம சாப்பிடப் போயிட்டாங்க, மிச்ச எல்லாரும் முக்கால் மணித்தியாலம் சும்மா இருந்தாங்க, அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரையே வரேல்ல. இப்ப நான் செய்றது என்னெண்டா தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முன்ன எல்லாரும் செக்இன் பண்ணணும், வராத ஆளின்ட பேர வெட்டிட்டுத்தான் ஜோடி போடுறன், லொபிக்கு (மெட்ச் தொடங்க முதல் கேமுக்குள்ள ரெண்டு டீமும் சேருற இடம்) 10 நிமிஷத்துக்குள்ள வராட்டி மற்ற டீமுக்கு வெற்றி, வெண்ட ஆள் ஸ்கோர் ஸ்கிரீன்ஷொட்ட டிஸ்கோர்ட்ல போடணும், தோத்த ஆள் அதுக்குக் கீழ சரி எண்டு எழுதணும். கரண்ட் போனா ஃபோன் டேட்டாவில திரும்ப வர 10 நிமிஷம், ஒருக்காத்தான். சிங்கப்பூர் சேர்வரா மும்பை சேர்வரா எண்டத முதல் நாளே ரெண்டு டீமையும் பிங் (சேர்வருக்குப் போய் வர எடுக்கிற நேரம்) பாக்கச் சொல்லி முடிவெடுங்க, மெட்ச் தொடங்கினாப்பிறகு அதுக்கு சண்டை பிடிக்க விட வேணாம்.

ஜோடி போடுறத கையால செய்யலாம், 16 டீமுக்கு மேல போனா சலொஞ்ச் (Challonge) மாதிரி ஒரு சைட்ல சுவிஸ் எண்டு தெரிவு செஞ்சு விடுங்க, அதுவே போடும்.

கவுண்டர் ஸ்ட்ரைக் கேமின்ட பெரிய போட்டியான மேஜர்ல பாக்கிறது இதின்ட வேற வடிவம், 16 டீம், 3 வெண்டா அடுத்த கட்டம், 3 தோத்தா வெளிய. லீக் ஒஃப் லெஜென்ட்ஸ் உலகப் போட்டியிலயும் 2023இல இருந்து இப்பிடித்தான். முதல் தடவை வைக்கிற நீங்க அதுக்குப் போக வேணாம், 8 டீம் 3 ரவுண்ட் வைங்க, ரவுண்டுக்கு 40 நிமிஷம் ஒதுக்குங்க, பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கினா 5 மணிக்கெல்லாம் மூண்டு ரவுண்டும் முடிஞ்சிரும்.