அரபியோட "ஐன்" சத்தம் தொண்டையில வர மாட்டேங்குதா? இப்படி பழகிப் பாருங்க

வளைகுடாவுல வேலை பாக்குறவங்க இத கவனிச்சிருப்பீங்க. அரபிக்காரங்க வாட்ஸாப்ல இங்கிலீஷ் எழுத்த வச்சு அரபி டைப் பண்ணும்போது வார்த்தை நடுவுல திடீர்னு 3ன்னு ஒரு நம்பர் வரும், சில சமயம் 7 வரும். அந்த 3 ஒரு எழுத்து. அரபியில "ஐன்"னு ஒரு எழுத்து இருக்கு, அத கண்ணாடியில திருப்பிப் பாத்தா கிட்டத்தட்ட 3 மாதிரியே இருக்கும், கீபோர்டுல அந்த சத்தத்துக்கு வேற வழி இல்லாததால அவங்க 3ஐ எடுத்துக்கிட்டாங்க. நானும் இங்க அதையே பண்றேன், எங்கெல்லாம் 3 போட்டிருக்கேனோ அங்க அந்தத் தொண்டை சத்தம் வரணும்னு வச்சுக்கங்க.

நான் மஸ்கட்ல இருந்தப்போ இந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சு. காரணம் என் நாக்கு இல்ல, யாரும் எனக்கு சரியா சொல்லித் தரல, எல்லாரும் "தொண்டையில இருந்து அழுத்திச் சொல்லு"ன்னு மட்டும் சொன்னாங்க. நானும் அழுத்தி அழுத்தி தொண்டை கட்டிக்கிட்டதுதான் மிச்சம். அப்புறம் ரூமுக்கு புதுசா வந்த பசங்களுக்கு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சப்பதான் எது வேலைக்கு ஆகும் எது ஆகாதுன்னு புரிஞ்சுது.

இது எதுக்கு இவ்வளவு முக்கியம்னு கேப்பீங்க. அரபியில 3அமல்னா வேலை, அமல்னா நம்பிக்கை. 3அலம்னா கொடி, அலம்னா வலி. ஸஅலன்னா கேட்டான், ஸ3அலன்னா இருமினான். நம்ம காதுக்கு ரெண்டும் ஒண்ணு, அவங்களுக்கு க-வும் ச-வும் மாதிரி வேற வேற எழுத்து. அதுவும் இது எப்பவாவது வர்ற சத்தம் கிடையாது, நாலு, ஏழு, ஒம்போது மூணு நம்பர்லயும் இருக்கு: அர்ப3அ, ஸப்3அ, திஸ்3அ. தெருவு ஷாரி3, சாப்பாட்டுக் கடை மத்3அம், மணி எத்தனைன்னு கேக்குற ஸா3அ, எல்லாத்துலயும் உண்டு. ஊர் பேரையே எடுங்க, 3ஓமான், 3அஜ்மான், 3இராக், 3அம்மான், 3ஏடன், அல் 3ஐன், ஸ3ஊதி. நாம தினமும் சொல்ற பேருதான், அந்த சத்தத்த மட்டும் விட்டுட்டு சொல்றோம்.

சரி, உள்ள என்ன நடக்குதுன்னு மொதல்ல பாப்போம், ஏன்னா இது தெரியாம பயிற்சி பண்ணா வீண். நாம நாக்கு நாக்குன்னு சொல்றது வாய்க்குள்ள தெரியுற பகுதிய மட்டும்தான். அதுக்குக் கீழ, தொண்டைக்குள்ள இறங்குற வேர்ப்பகுதி ஒண்ணு இருக்கு. ஐன் சொல்லும்போது அந்த நாக்கோட வேர், அதோட ஒட்டியிருக்குற குரல்வளை மூடியோட சேந்து பின்னாடி போய் தொண்டையோட பின் சுவர நெருங்கும். முட்டாது, இடைவெளி சின்னதா இருக்கும். குரல்வளை லேசா மேல ஏறும். அந்தக் குறுகின வழியா குரல் வெளிய வரும், குரல் நிக்கவே கூடாது, ம் சொல்லும்போது ஓடுற மாதிரி ஓடிக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான். தமிழ்ல ழ சொல்றதுக்கு நாக்கு நுனிய வளைக்கிறோம், ண-வுக்கு மடிக்கிறோம், நுனிய வச்சு நாம பண்ணாத வித்தை இல்ல, ஆனா வேர நகத்துற வேலைய நம்ம மொழி நம்மகிட்ட எப்பவுமே கேட்டதில்ல. அதனாலதான் மொதல்ல வழியே தெரியாத மாதிரி இருக்கும்.

இப்போ பயிற்சி. மொதல்ல கண்ணாடி துடைக்கும்போது "ஹா"ன்னு ஊதுவோமே, அத பண்ணுங்க. அது ரொம்ப லூசான காத்து. இப்போ அதே காத்த இன்னும் குறுக்குங்க, சூடான டீய வாயில விட்டுட்டு "ஹா..."ன்னு மூச்சு விடுவோம் பாருங்க, அந்த மாதிரி கொஞ்சம் கரகரன்னு ஆனா கறுமுறுன்னு இல்லாம. இதுதான் அவங்க 7ன்னு டைப் பண்ற சத்தம், ஐனோட கூடப் பிறந்தது, ஒரே இடத்துல பிறக்குது, குரல் மட்டும் இல்ல. இது வந்துருச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது. இத இழுத்துக்கிட்டே இருக்கும்போது தொண்டைய அசைக்காம குரல மட்டும் சேருங்க. எஸ் சொல்லிக்கிட்டே இருந்து இஸட்டுக்கு மாறுவோமே, எஃப்ல இருந்து வி-க்கு மாறுவோமே, அதே மாத்தம்தான். சேத்த உடனே வர்ற அந்த நெருக்கின ஆ மாதிரி சத்தம் இருக்கே, அதுதான் ஐன்.

இப்படி வரலேன்னா இன்னொரு வழி. மல்லாந்து படுத்துக்கங்க, தலையணை வேணாம். படுத்தா நாக்கோட வேர் தானா பின்னாடி சரியும். அப்படியே நீளமா "ஆ..." சொல்லுங்க, டாக்டர் நாக்க அமுக்கிப் பிடிச்சு ஆ சொல்லச் சொல்லுவாரே அந்த ஆ. சொல்லிக்கிட்டே குரல முடிஞ்ச அளவு கீழ கீழ இறக்குங்க, பாட்டுல கடைசி மந்திர ஸ்தாயிக்குப் போற மாதிரி. ஒரு இடத்துல தொண்டை தானா இறுகி ஆ-வோட நிறம் மாறும், அந்த இடத்துல நில்லுங்க. என் ரூம்ல மூணு பேருக்கு இதுலதான் வந்துச்சு. வந்த அப்புறம் எழுந்து உக்காந்து அதே சத்தத்த சாதாரண குரல்ல சொல்லிப் பாக்கணும், படுத்தே பழகிட்டா உக்காந்தா வராது.

விரல தொண்டை முடிச்சு மேல லேசா வச்சுக்கங்க. சாதா ஆ-ல இருந்து ஐனுக்குப் போகும்போது முடிச்சு கொஞ்சம் மேல ஏறினா சரியா பண்றீங்க. விரலுக்கு அதிர்வு நின்னு போச்சுன்னா நீங்க குரல நிறுத்திட்டு திரும்ப திறக்குறீங்க, அது வேற எழுத்து, ஹம்ஸா. நாம "அட"ன்னு வேகமா சொல்லும்போது ஆரம்பத்துல தொண்டை டக்னு திறக்குதே, அதுதான் ஹம்ஸா. 90 சதவீதம் பேரு ஐன்னு நினைச்சு இதத்தான் அழுத்திச் சொல்றாங்கன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், நானும் அதத்தான் பண்ணிக்கிட்டிருந்தேன். தொண்டை வலிக்குறதுக்கும் இதுதான் காரணம். வலிச்சா தப்பான இடத்த இறுக்குறீங்கன்னு அர்த்தம், நிறுத்திட்டு தண்ணி குடிச்சிட்டு நாளைக்குப் பாருங்க. ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம் போதும்.

அடுத்த தப்பு, வாய் கொப்பளிக்குற மாதிரி கரகரன்னு பண்றது. அது கைன் எழுத்து, உள்நாக்கு பக்கம் வர்றது. மதரஸாவுல தஜ்வீத், அதாவது குர்ஆன் ஓதுற உச்சரிப்பு விதி, படிச்சவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், தொண்டைய மூணா பிரிச்சிருப்பாங்க, அடித்தொண்டைக்கு ஹம்ஸாவும் ஹாவும், நடுத்தொண்டைக்கு ஐனும் 7ஆ-வும், மேல்தொண்டைக்கு கைனும் காவும். இன்னைக்கு ஒலியியல் சொல்ற இடங்களோட வரிசை இதோட நல்லா ஒத்துப் போகுது. எட்டாம் நூத்தாண்டுல இராக்கோட பஸ்ராவுல இருந்த கலீல் இப்னு அஹ்மத், ஓமானைப் பூர்வீகமா கொண்டவரு, அரபிக்கு மொத அகராதிய தொகுக்க ஆரம்பிச்சப்போ எழுத்துகள வழக்கமான வரிசையில வைக்காம தொண்டையில ஆரம்பிச்சு உதடு வரைக்கும் பிறப்பிட வரிசையில வச்சாரு. மொத எழுத்தா அவரு வச்சது ஐன், அந்த அகராதிக்குப் பேரே ஐன் புத்தகம். இத்தனை நூத்தாண்டுக்கு முன்னாடி ஒரு மனுஷன் உக்காந்து ஒவ்வொரு எழுத்தா வாயில சொல்லிப் பாத்து இடம் கண்டுபிடிச்சிருக்காரு, அத நினைச்சா எனக்கு இப்பவும் மரியாதையா இருக்கு.

மூணாவது தப்பு மூக்குல விடுறது. நெருக்குறப்போ அண்ணம் இறங்கி காத்து மூக்கு வழியா போயிரும், ங மாதிரி கேக்கும். மூக்க விரலால பொத்திக்கிட்டு சொல்லிப் பாருங்க, சத்தம் மாறுச்சுன்னா மூக்குல விடுறீங்க. இதுக்காக வருத்தப்படாதீங்க, ஜாவா மொழிக்காரங்க 3இல்ம், அதாவது அறிவுங்குற வார்த்தைய "ஙெல்மு"ன்னே ஆக்கிட்டாங்க. இத்தாலி யூதர்களும், ஸ்பெயின் போர்ச்சுகல்ல இருந்து ஆம்ஸ்டர்டாம் போன யூதர்களும் எபிரேயத்துல இருக்குற இதே எழுத்த ங மாதிரிதான் சொன்னாங்க. காது ஒரு மாதிரி கேட்டு வாய் பக்கத்து சத்தத்துக்குப் போறது எல்லா ஊர்லயும் நடந்திருக்கு.

உண்மையில இந்த சத்தத்த வச்சிருக்குற மொழிகள் உலகத்துல ரொம்பக் கொஞ்சம். அரபியும் அதோட சொந்தக்கார மொழிகளும் பெரிய கூட்டம். எபிரேயத்துல ஏமன் யூதர்கள் மாதிரி அரபு நாட்டுல இருந்து வந்தவங்க வச்சிருந்தாங்க, ஐரோப்பாவுல இருந்து வந்தவங்ககிட்ட போயிருச்சு, இன்னைக்கு இஸ்ரேல்ல பெரும்பாலானவங்க சொல்றதில்ல. எத்தியோப்பியா எரித்ரியா பக்கம் திக்ரின்யா மொழியில இருக்கு, பக்கத்து அம்ஹாரிக்ல எழுத்து மட்டும் இருக்கு சத்தம் போயிருச்சு. மால்டாவுலயும் அப்படித்தான், எழுதுவாங்க, படிக்கும்போது உயிரெழுத்த மட்டும் நீட்டுவாங்க. பாரசீகமும் உருதுவும் எழுத்த வாங்கிக்கிட்டு சத்தத்த விட்டுட்டாங்க. சோமாலி மொழி 1972ல லத்தீன் எழுத்துக்கு மாறுனப்போ சி-ங்குற எழுத்த இந்த சத்தத்துக்குக் குடுத்துட்டாங்க, அதனால சோமாலி நண்பர் பாஸ்போர்ட்ல பேரு சி-ல ஆரம்பிச்சு அலின்னு முடிஞ்சிருந்தா அது 3அலி. காக்கேசஸ் மலையில செச்சென் மொழியில இருக்கு. எனக்கு ரொம்ப ஆச்சரியம் குடுத்தது கனடாவோட வான்கூவர் தீவுல இருக்குற நூ-சா-நுல்த் மக்களோட மொழி. அரபிக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது, அங்க உள்நாக்குல வெடிச்ச ஒரு பழைய க மாதிரி சத்தம் மெல்ல மெல்ல பின்னாடி இறங்கி இதே ஐனா மாறியிருக்கு. கடலுக்கு எதிர்க்கரையில, அமெரிக்கப் பக்கம் இருக்குற அதோட தங்கச்சி மொழிக்குப் பேரு மக்கா (மெக்கா நகரம் இல்ல), அதுல அந்தப் பழைய சத்தம் மாறாம அப்படியே தங்கிருச்சு. அதாவது இது யார்கிட்டயும் கடன் வாங்காமலே ஒரு மொழிக்குள்ள பிறக்கக்கூடிய சத்தம்.

எழுத்தோட கதையும் சொல்லணும். ஐன்னா கண்ணுன்னு அர்த்தம், ஊத்துன்னும் அர்த்தம், அல் ஐன் ஊருக்குப் பேரு அப்படித்தான் வந்துச்சு. பழங்காலத்துல லெபனான் பக்கம் இருந்த பினீசியர்கள் இந்த எழுத்த கண்ணு மாதிரி வட்டமா எழுதுனாங்க. கிரேக்கர்கள் எழுத்துகள வாங்குனப்போ அவங்க மொழியில இந்த சத்தம் இல்ல, அதனால வட்டத்த ஒ உயிரெழுத்துக்கு வச்சுக்கிட்டாங்க. இங்கிலீஷ்ல நாம எழுதுற ஓ அதோட பேரன்.

நம்ம பக்கமும் வந்திருக்கு, தெரியாமலே. "சட்டம் அமலுக்கு வந்தது"ங்குறோமே, அது 3அமல். மாமூல் அதே வேர்ச்சொல், ம3மூல். இனாம் இன்3ஆம், தாலுகாவுலயும் ஒரு 3 இருந்துச்சு, தாவா த3வா, அத்தர் 3இத்ர், லோக் அதாலத்துல இருக்குறது 3அதாலத். பாரசீகம் வழியா வந்ததால வழியிலேயே 3 உதிர்ந்துருச்சு. ஆனா தமிழ் பைபிள எடுங்க, இங்கிலீஷ்ல பால், நாமான், நவோமின்னு படிக்குற பேரெல்லாம் தமிழ்ல பாகால், நாகமான், நகோமின்னு இருக்கும். எபிரேயத்துல அந்த க வர்ற இடத்துல இருக்குறது நம்ம 3தான். ரெண்டு உயிருக்கு நடுவுல நாம க-வ தொண்டையில மெதுவா ஹ மாதிரி சொல்லுவோம் இல்லையா, அந்த சத்தத்துக்குத் தமிழ்ல கிடைக்குற நெருங்கின இடம் அதுதான்.

இத பயிற்சிக்கே வச்சுக்கலாம். நாகமான்னு சொல்லிட்டு அந்த க-வ மெதுவா தொண்டைக்குள்ள இறக்கி நா3மான் ஆக்குங்க. ரெண்டு ஆ-க்கு நடுவுல வர்றதுதான் இருக்குறதுலயே ஈஸி, அதனால ஆ3ஆ, ஆ3ஆன்னு அங்க ஆரம்பிங்க. அப்புறம் வார்த்தை மொதல்ல, 3அலி, 3அமல். இ-யும் உ-வும் கஷ்டம், ஏன்னா இ-க்கு நாக்கு முன்னாடி போகணும், ஐனுக்குப் பின்னாடி போகணும், ரெண்டும் இழுபறி. 3ஈத் சொல்லும்போது நடுவுல சின்னதா ஒரு அ மாதிரி கேட்டா பயப்படாதீங்க, அரபிக்காரங்க சொல்லும்போதும் அது கேக்கும், நாக்கு வேர் முன்னாடி வர்றதுக்கு எடுக்குற நேரம் அது. கடைசியில மெய்யோட ஒட்டி வர்றது, திஸ்3அ, மத்3அம். எல்லாத்தையும் விட கஷ்டம் வார்த்தை முடிவுல நிக்கிறது: ஷாரி3, ஜாமி3, ருப்3. இதுல பின்னாடி ஒரு அ-வ சேத்து ஷாரியான்னு சொல்லிருவோம், சேக்கக் கூடாது, தொண்டை இறுகின நிலையிலேயே குரல விட்டுடணும்.

குர்ஆன் ஓதுறவங்க அதோட மொத அத்தியாயமான பாத்திஹா சூராவையே பயிற்சிக்கு எடுத்துக்கலாம், ஆறு இடத்துல வருது: 3ஆலமீன், ந3புது, நஸ்த3ஈன், அன்3அம்த, ரெண்டு தடவை 3அலைஹிம். ஆலமீன்ல வார்த்தை ஆரம்பத்துல, ந3புதுல மெய்க்கு முன்னாடி, நஸ்த3ஈன்ல ஈ-க்கு முன்னாடி, அன்3அம்தவுல ன-வுக்குப் பின்னாடின்னு விதவிதமா இருக்கு. ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி ஒரு நல்ல காரியோட, அதாவது குர்ஆன முறையா ஓதுறவரோட, ஓதலுக்குப் பக்கத்துல வச்சு கேளுங்க, நம்ம வாயில வரும்போது கேக்குறது வேற, வெளிய கேக்குறது வேற. மத்தவங்க டாக்ஸியில ஏறி இடம் சொல்லும்போது ஷாரி3 சொல்லிப் பாருங்க. டிரைவர் அரபிக்காரரா இருந்து திருப்பிக் கேக்காம வண்டிய எடுத்தாருன்னா வந்துருச்சு.