தெரியாத இடத்துக்கு ஸ்பானிஷில் எந்த வினை?

"பாயெயா (ஒரு ஸ்பானிஷ் அரிசி உணவு) கிடைக்கிற கடை" என்று தமிழில் சொன்னால், தெரிந்த கடைக்கும் இனிமேல் தேடவேண்டிய கடைக்கும் ஒரே பெயரெச்சம்தான். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். ஸ்பானிஷில் வினையின் வடிவமே மாறும்.

தெரிந்த கடை: கோனோஸ்கோ உன் ரெஸ்தௌரான்தே தோந்தே சிர்வென் பாயெயா.
தேடும் கடை: புஸ்கோ உன் ரெஸ்தௌரான்தே தோந்தே சிர்வான் பாயெயா.

எனக்குக் கைகொடுத்த சோதனை: அந்த இடத்தை வரைபடத்தில் இப்போதே தொட்டுக்காட்ட முடியுமா? முடியாவிட்டால் சப்ஹுந்தீவோ, அதாவது உறுதியில்லாததைச் சொல்லும் வினைவடிவம் (மேலே சிர்வென் அல்ல, சிர்வான்). 'உன்' (ஸ்பானிஷில் 'ஒரு') வந்தாலே சப்ஹுந்தீவோ என்ற குறுக்குவழியை நம்பாதீர்கள். முதல் வாக்கியத்திலும் 'உன்' இருக்கிறதே.

சப்ஹுந்தீவோ வடிவத்துக்கு 'யோ' (நான்) வடிவின் கடைசி ஓ-வை வெட்டுங்கள். -ஆர் வினைக்கு ஏ, -ஏர், -ஈர் வினைகளுக்கு ஆ: தெங்கோ (என்னிடம் இருக்கிறது) தெங்கா ஆகும், சிர்வோ (பரிமாறுகிறேன்) சிர்வா ஆகும். இந்த விதிக்கு அடங்காத எஸ்தே, ஆயா, சேயா, வாயா எல்லாம் மனப்பாடம்தான், வேறு வழியில்லை.

இல்லாத இடத்துக்கும் இதே விதி: நோ ஆய் நிங்கூன் சீத்தியோ தோந்தே வெந்தான் பான் (ரொட்டி விற்கிற இடம் எதுவும் இல்லை). தேடியது நேற்றென்றால் தெங்கா போய் துவியெரா வரும்: புஸ்காவா உன் பீசோ கே துவியெரா பால்கோன் (பால்கனி உள்ள ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தேன்).

"உனக்குப் பிடித்த இடத்துக்குப் போகலாம்" என்பதற்கு வாமோஸ் அதோந்தே கியேராஸ். இதில் கியேரெஸ் என்றால், அவர் ஏற்கெனவே ஓரிடத்தைச் சொல்லிவிட்டார் என்று பொருள்.